அப்பா ஒட்டிய பக்கங்கள்

போன வருடம் மழை தொடங்கும் சமயத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. பனி மூடிய மலை, வளைந்து வரும் தண்டவாளம், நீராவி இன்ஜின். அதன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு மீசைக்காரர். கழுத்தில் சிவப்பு மஃப்ளர். கீழே, பழைய காமிக்ஸ் கதைகள் அத்தனையும் கெட்டி அட்டைத் தொகுப்பாக மறுபடி வரப்போகின்றன என்று ஒரு அறிவிப்பு.

அன்றைக்கு எங்கள் குழுவில் யாரும் உருப்படியாக வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. பெரிய கடை வீதியில் அத்தர்க் கடை வைத்திருக்கும் பாய் ஒரு குரல் பதிவு அனுப்பினார். அதில் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பின்னால் யாரோ, "ஜவ்வாது இருக்கா இல்லியா, சொல்லுங்க பாய்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லால்குடியிலிருந்து ஒரு விவசாயி, நடவு ஆட்களுக்கு இன்று தன் செலவில் வடை என்று அறிவித்தார். என்ன விசேஷம் என்று ஆட்கள் கேட்டதற்கு, "நம்ம டிரைவர் திரும்பி வராரு" என்றாராம். அவருடைய டிராக்டர் டிரைவர் அதைக் கேட்டு, தன்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களோ என்று பயந்துபோனாராம்.

எங்களுக்கு அந்த மீசைக்காரர் 'டிரைவர்'தான். எந்த நாடு என்று தெரியாத ஒரு பனி தேசத்தில் ரயில் ஓட்டிக்கொண்டே கொள்ளைக்காரர்களையும் கள்ளக்கடத்தல்காரர்களையும் பிடிப்பவர். தமிழில், பழுப்புத் தாளில், மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்தார். எங்கள் பள்ளி நாட்களிலேயே அவர் நின்றுபோனார். குழுவில் இருக்கும் நாங்கள் அநேகமாக எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு, மாலையில் ஒரு கற்பனை ரயிலைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள்.

சண்டை என்று சும்மா சொல்லவில்லை. முதல் நாள் ஆனந்தம். இரண்டாம் நாளே அடிதடி. காரணம் மஃப்ளர். அந்தக் காலத்து அச்சில் சிவப்பு என்றைக்குமே மஃப்ளரின் மேல் சரியாக விழுந்ததில்லை. கழுத்து ஓரிடத்தில் இருக்கும். சிவப்பு அதற்குக் கொஞ்சம் தள்ளி ஆகாயத்தில் தனியாக நிற்கும். ரயில் வேகத்தில் மஃப்ளர் பறக்கிறது என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். புதுப் படத்தில் சிவப்பு, வரைந்த கோட்டுக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. "வேகமே போச்சு" என்று பாதிப் பேர் துக்கம் கொண்டாடினார்கள். மீதிப் பேர், இத்தனை வருடம் கழித்து அந்த மனிதருக்கு ஒழுங்காகக் குளிருக்கு மூடிவிட்டிருக்கிறார்கள், அது பொறுக்கவில்லையா என்று கேட்டார்கள். துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன் புதிதாகக் குழுவில் சேர்ந்திருந்தான். "சார், மஃப்ளர் ஒரு பிரச்சினையா?" என்று கேட்டான். மூன்று நாள் யாரும் அவனோடு பேசவில்லை.

குழுவை நிர்வகிப்பவர் மேலப்புதூரில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் செய்திகளில் எழுத்துப் பிழை திருத்துவார். புத்தகம் வருவதற்குள் அவர் ஒரு சட்டம் போட்டார். "எல்லாரும் புக்கைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் கதையில என்ன வருதுன்னு யாரும் வாய் திறக்கக் கூடாது. மீறினா ஒரு வாரம் குழுவுக்கு வெளிய நிக்கணும். வயசெல்லாம் பார்க்க மாட்டேன்."

எனக்கு மஃப்ளரும் முக்கியமில்லை, சட்டமும் முக்கியமில்லை. எனக்கும் என் அக்காவுக்கும் வேண்டியது ஒரே கதையின் சில பக்கங்கள். அவற்றை எங்கள் அப்பா சோற்றால் ஒட்டிவிட்டார்.

அப்பா பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்தார். காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நம்பிய தலைமுறை. ஆனால் இந்தக் காமிக்ஸில் ஹீரோ இன்ஜின் டிரைவர் என்று தெரிந்ததும் அவருடைய கொள்கை ஆட்டம் கண்டது. ஜங்ஷனில் வாங்குவார். ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிடுவார். வீட்டுக்குள் நுழையும்போதே விமரிசனம் ஆரம்பிக்கும். "இந்த ஸ்பீடுல இப்படி பிரேக் அடிச்சா பெட்டியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். முட்டாப்பய வரைஞ்சிருக்கான்." திட்டி முடித்துவிட்டுத்தான் புத்தகத்தை எங்கள் கையில் கொடுப்பார். அது டிஃபன் கேரியரோடு வந்ததால் எப்போதும் லேசாக மோர்க் குழம்பு வாசனை அடிக்கும்.

பிறகு அக்கா வாசிப்பாள்; நான் கேட்பேன். எனக்கும் வாசிக்கத் தெரியும். ஆனால் அக்கா கொள்ளைக்காரன் பேசும்போது குரலைக் கரகரப்பாக்குவாள். அது என்னால் முடியாது.

கடைசிக் கதை மட்டும் வாரம் ஒன்றாக மூன்று பாகமாக வந்தது. எல்லைப்புற ஊருக்கு டிரைவர் ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டுபோகிறார். வழியெல்லாம் கொள்ளைக்காரர்கள் துரத்துகிறார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது? எங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அதைச் சொல்லும் இடத்தில் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முதலில் அச்சகத்துக் கோளாறு என்று நினைத்தோம். அக்கா ஓரத்தை நகத்தால் நோண்டிப் பார்த்தபோது ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து கண்ணாடி மாதிரி உதிர்ந்தது. எங்கள் வீட்டுச் சோறுதான். அந்தச் சமயம் அம்மா ஒரு சின்ன ஆபரேஷனுக்காகப் புத்தூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அத்தை வந்து சமைத்துக்கொண்டிருந்தாள். அத்தை வடிக்கும் சோறு சாப்பாட்டுக்கு உதவாது. ஒட்டுவதற்கு அதைவிட நல்ல பசை கடையில் கிடைக்காது.

"ஏம்பா ஒட்டியிருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"அது வேண்டாம். மிச்சத்தைப் படி" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்திலும் ஒட்டு. மூன்றாம் பாகத்தில், கதை முடியப்போகும் இடத்தில், பெரிய ஒட்டு. ஒட்டுக்கு அடுத்த பக்கத்தில் டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பனியில் நிற்கிறார். ஒரு வசனம் கிடையாது. முற்றும்.

சும்மா விடுவோமா? இரண்டாம் பாகத்தை நான் இட்லிப் பானை ஆவியில் காட்டினேன். பக்கம் பிரியவில்லை, கூழானது. டிரைவரின் ஒரு பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு அக்கா விஞ்ஞானத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் பாகத்தின் ஒட்டிய பக்கத்தை எரியும் பல்புக்கு முன்னால் பிடித்தாள். உள்ளேயிருந்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. டிரைவருக்கு நான்கு கைகள் இருந்தன. அந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஒரு கட்டில். அதில் படுத்திருக்கும் ஒரு பெண். அவள் மேல் குனிந்த மீசை.

அக்கா பல்பை அணைத்துவிட்டாள்.

பிறகு எல்லாம் தானாகப் பொருந்தியது. பெட்டியில் நகை, காதலிக்குக் கொண்டுபோகிறார். கடைசிப் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிறாரே, அது தப்பு செய்தவரின் முகம். எனக்கு இதில் பரம திருப்தி. இவ்வளவு பெரிய விஷயத்தைப் பல்பு வெளிச்சத்தில் கண்டுபிடித்த பெருமையை வைத்தே வகுப்பில் பல மாதம் பிழைத்தேன்.

அக்காவுக்கு அது வேறு மாதிரி உள்ளே போனது. அவள் பெரியவளாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு அப்பா எந்தப் பக்கத்தையும் ஒட்டியதில்லை. சரியாக இப்போது ஒட்டியிருக்கிறார். தன்னை நம்பாமல்தான், தன்னை ஏதோ ஜாக்கிரதையாகப் பூட்டி வைக்கவேண்டிய பொருள் என்று நினைத்துத்தான் ஒட்டினார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அந்தக் கதையோடு காமிக்ஸும் நின்றுபோனதால், அப்பா ஒட்டுவதை நிறுத்தினாரா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் நேரடியாக எதையும் கேட்டதில்லை. காலேஜ், ஹாஸ்டல், வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் அம்மா வழியாகத்தான் கேட்டாள். "அம்மா, அவர்கிட்ட சொல்லு." அப்பாவும் அம்மா வழியாகவே பதில் சொன்னார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே அம்மா தந்தியடித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் என்ன பேச்சு முற்றினாலும் கடைசியில் அக்கா, "பக்கத்தை ஒட்டுன மனுஷன்தானே" என்று முடிப்பாள்.

அதனால் தொகுப்பு வருகிறது என்று நான் சென்னைக்கு போன் செய்தபோது அவள் சிரிக்கவில்லை. "புக்கை வாங்கி வை. நீ பிரிக்கக் கூடாது. நான் வந்து அவர் முன்னாடி வச்சு, அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏன்னு கேக்கப்போறேன். அவருக்கும் எண்பத்தஞ்சு ஆகப்போகுது. இனி எப்ப கேக்குறது?"

எனக்குப் பயமாகிவிட்டது. அப்பாவின் முன்னால் கட்டில் படத்தை விரித்து வைத்து விசாரணை நடத்தப்போகிறாள். யாரையாவது முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்றால், டீச்சர் இருக்கும் குழுவில் "அந்தக் கட்டில் சீனில் என்ன நடந்தது?" என்று எப்படிக் கேட்பது?

புத்தகங்கள் மொத்தமாகப் பார்சலில் வந்தன. தில்லைநகரில் ஒரு ஓட்டலின் மாடி அறையை எடுத்து எல்லோரும் கூடினோம். பாய் தன் பங்குக்கு அறையெல்லாம் அத்தர் தெளித்துவிட்டார். அதனால் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்கும் ஆசை யாருக்கும் நிறைவேறவில்லை. எல்லாப் பிரதியிலும் மல்லிகை மணத்தது. லால்குடிக்காரர் தன் பிரதியைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் முதல் பக்கத்தைத் திறந்து, "மாஷா அல்லாஹ், மஃப்ளர் உள்ள வந்துடுச்சு" என்றார். அவர் மஃப்ளர் வெளியே இருக்கவேண்டும் என்ற கட்சி. ஆனாலும் கண் கலங்கியிருந்தது.

நான் மட்டும் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பந்தியில் விரதக்காரன் மாதிரி.

"நீங்க ஏன் சார் பிரிக்கலை?" என்று டீச்சர் கேட்டார்.

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். சோறு, பல்பு, கட்டில், அக்கா, எல்லாம். கட்டில் என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. தன் பிரதியில் அந்தக் கதையைத் தேடிப் புரட்டினார். பாயும் எட்டிப் பார்த்தார். நான் ஒழுங்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல அந்த மாதிரி ஒண்ணுமே இல்லையே சார், இது வந்து…" என்று பாய் ஆரம்பித்தார்.

"பாய்! சட்டம்!" என்றார் டீச்சர்.

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது டீச்சரின் சிரிப்பைக் காணவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினார். "அக்கா பிரிக்கும்போது நீங்களும் பக்கத்துல இருங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்வது போல, என் தட்டில் இன்னொரு போண்டா வைத்தார். அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ரயிலில் அக்கா வந்து இறங்கினாள். வீட்டில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கீழே உட்கார முடியாமல் சாப்பாட்டு மேஜையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா காபிகூடக் குடிக்கவில்லை. புத்தகத்தை அப்பாவுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"அம்மா, அவரைப் பார்க்கச் சொல்லு. எந்தப் பக்கத்தை ஒட்டுனாரோ அந்தப் பக்கத்தை இப்ப வாசிக்கப்போறேன்."

"எதை ஒட்டுனாரு?" என்றாள் அம்மா. அவளுக்கு இந்தச் சண்டையின் வரலாறு தெரியும், பக்கங்களைத் தெரியாது. அவள் வீடு திரும்பும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா முதல் பாகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். அந்தப் பழைய குரலிலேதான், கொஞ்சம் நக்கலாக. எல்லைப்புற ஊர். ஒரு ஆஸ்பத்திரி. கட்டிலில் ஒரு பெண். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய இரண்டு பிள்ளைகள்: பெரியவள் பெண், சின்னவன் பையன். மருந்து நாளைக்குள் வராவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்கிறார் டாக்டர். மரப்பெட்டியில் இருந்தது நகை இல்லை. மருந்து.

அக்காவின் குரலில் நக்கல் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் பாகத்துக்குத் தாவினாள். டிரைவர் பெட்டியோடு ஓடி வருகிறார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள். டிரைவர் கட்டிலின் மேல் குனிந்து போர்வையை அவள் முகத்தை மூட இழுத்து விடுகிறார்.

அக்கா நிறுத்திவிட்டாள்.

அப்பாதான் முதலில் பேசினார். "டிரைவர் மேல தப்பு இல்ல. அந்த ஏத்தத்துல அதுக்கு மேல ஸ்பீடு எடுக்க முடியாது. நான் அப்பவே கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

அவர் பேப்பரை மடித்தார்.

"அம்மாவுக்கு அப்ப சின்ன ஆபரேஷன் இல்ல. பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. பஸ்ல இதைப் படிச்சேன். பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு. நீ வாசிப்ப, இவன் கேப்பான். வாசிச்சு முடிச்சுட்டு ரெண்டு பேரும் என்னைப் பார்த்து, அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்றது? புக்கு வாங்கலைன்னும் சொல்ல முடியாது, வாசல்லயே காத்துக்கிட்டு நிப்பீங்க. அதான்."

"ஏங்க," என்றாள் அம்மா. கத்தி கையிலேயே இருந்தது. "பாதிக்குப் பாதியா? சின்னக் கட்டி, தொட்டா வந்துடும்னு சொன்னீங்களே. அப்ப எனக்கும் சேர்த்துத்தான் ஒட்டி வச்சீங்களா?"

அப்பா அதற்கு வாழைத்தண்டைப் பார்த்தார்.

அக்கா ஸ்டூலை நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. "நான் பெரியவளாயிட்டேன்னுதான் ஒட்டுனீங்கன்னு நினைச்சேன்ப்பா. என்னை நம்பலைன்னு."

எத்தனையோ வருடங்களில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. அப்பாவுக்குப் புரியவே இல்லை. "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று நிஜமான குழப்பத்தோடு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல்தானே சோற்றை எடுத்தார்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டு நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவள் விரல் நுனியில் நாலைந்து சோற்றுப் பருக்கைகள் இருந்தன. புத்தகத்தில் அந்தக் கட்டில் பக்கத்தைத் திறந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"ஒட்டுங்கப்பா."

"ஐயோ, கெட்டி அட்டை! வழவழத் தாள்!" என்று நான் அலறினேன். பழக்க தோஷம். குழுவில் தெரிந்தால் என் கதி என்ன ஆகும் என்று ஒரு கணம் நடுங்கினேன்.

என் அலறலை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்பா பருக்கைகளை வாங்கி, மூலைக்கு ஒன்றாக வைத்து, இரண்டு பக்கங்களையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினார். கையை எடுத்ததும் பக்கம் தானாகப் பிரிந்துகொண்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி பிரிந்தது.

அம்மா மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் சோறு உதிரியா இருக்கும். அது எங்க ஒட்டும்? உங்க அத்தை வடிச்ச சோறா இது?" என்றாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் முனக, எழுந்து நின்றாள். "இருங்க. கொஞ்சம் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கிட்டு வரேன்."

உள்ளே அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. அப்பா பக்கத்தின் ஓரங்களை விரலால் நேராக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவர் அருகில் உட்கார்ந்து, கஞ்சி வரும்வரை புத்தகத்தை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.